அருவியிலிருந்து திரும்பியவர்

உரைநடை உலகம்

நுழையும்முன்

மனத்துக்குப் பிடித்த கதையொன்று முடிந்த பின்னரும் அதன் மாந்தர் வாசகரை விட்டு எளிதில் அகல்வதில்லை. அடுத்து என்ன ஆயிற்று என்னும் வினா எஞ்சி நிற்கிறது. அவ்வினாவிற்கு விடையாக எழுதப்படுவதே தொடர்ச்சிக் கதை. முதற்கதையின் மீது கொண்ட பற்று, தொடர்ச்சியை வாசிக்கத் தூண்டுகிறது. அப்பற்றே சில வேளைகளில் அதனை நடுநிலையோடு வாசிக்க இயலாமல் தடுத்தும் விடுகிறது. ஆங்கிலத் துப்பறியும் இலக்கியத்தில் பெரும்புகழ் பெற்ற ஷெர்லாக் ஹோம்ஸின் மறைவையும் மீள்வருகையையும் கூறும் இரு சிறுகதைகளின் வழியே, தொடர்ச்சிக் கதையை வாசிக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

முதல் வாசிப்பும் அடுத்த வாசிப்பும்

துப்பறியும் கதையை முதன்முறை வாசிப்பவர் ஒன்றும் அறியாதவராகவே அதனுள் நுழைகிறார். குற்றம் செய்தவர் யார், செய்த முறை யாது, துப்பறிவாளர் எவ்வாறு உண்மையை எட்டுவார் என எதுவும் அவருக்குத் தெரியாது. அந்த அறியாமையே அவருடைய வாசிப்பு இன்பத்திற்கு முதலீடு. கதை முடியும்போது அம்முதலீடு செலவழிந்துவிடுகிறது. அதே கதையை மீண்டும் படிக்கலாம். அதே வியப்பை மீண்டும் பெற இயலாது.

இழந்த வியப்பைத் திரும்பப் பெறும் விருப்பத்துடனேயே வாசகர் தொடர்ச்சிக் கதையை நாடுகிறார். ஆயினும் இம்முறை அவர் வெறுங்கையோடு வருவதில்லை. கதைமாந்தரைப் பற்றிய நினைவு, அவர்கள்பால் கொண்ட அன்பு, இப்படித்தான் நடக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு ஆகிய மூன்றையும் சுமந்துகொண்டு வருகிறார். முன்பு படித்ததைப் போலவே இருக்க வேண்டும் என்கிறார். முன்பு படித்ததாக இருக்கக் கூடாது என்றும் கேட்கிறார். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு விருப்பங்களுக்கும் நடுவில்தான் தொடர்ச்சிக் கதையை எழுதுபவர் நடந்து செல்ல வேண்டியிருக்கிறது.

கதையைத் தொடர்தல் தமிழ் மரபிற்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் கதைத்தொடர்ச்சி மணிமேகலையில் அமைவதால் அவ்விரண்டும் இரட்டைக் காப்பியங்கள் எனப்படுகின்றன. பின்னது முன்னதன் மாந்தரை ஏற்றுக்கொண்டாலும் முன்னதன் கதையையே திரும்பச் சொல்வதில்லை. தொடர்ச்சி என்பது தொடர்வதும் மாறுவதும் ஆகும் என்பதை இதனால் உணரலாம்.

ஒரு துப்பறிவாளரின் தோற்றம்

ஆர்தர் கோனன் டாயில் மருத்துவம் பயின்றவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அவருக்குக் கற்பித்த மருத்துவர் ஜோசப் பெல், நோயாளியின் நடை, உடை, கைகள் முதலியவற்றைக் கூர்ந்து நோக்கியே அவருடைய தொழிலையும் வாழ்க்கையையும் கூறிவிடும் ஆற்றல் பெற்றிருந்தார். அந்த ஆற்றலைக் குற்றங்களைத் துலக்குவதற்குப் பயன்படுத்தினால் எப்படியிருக்கும் என்னும் எண்ணத்திலிருந்து ஷெர்லாக் ஹோம்ஸ் உருவானார். 1887ஆம் ஆண்டு வெளிவந்த முதல் புதினத்திற்கு டாயில் பெற்ற தொகை 25 பவுண்டு மட்டுமே. அப்புதினம் அப்போது பெரிய வரவேற்பைப் பெறவில்லை.

1891ஆம் ஆண்டு ஜூலை முதல் 'ஸ்ட்ராண்டு' என்னும் திங்களிதழில் ஹோம்ஸ் சிறுகதைகளாக வெளிவரலானார். தொடர்கதையில் ஓர் இதழைத் தவறவிட்ட வாசகர் கதையின் இழையை இழந்துவிடுவார். அதனால் ஒவ்வோர் இதழிலும் கதை முழுமை பெற வேண்டும். ஆனால் தலைமை மாந்தர் மட்டும் மாறாமல் வர வேண்டும் என்று டாயில் திட்டமிட்டார். இம்முறை பெருவெற்றி பெற்றது. சிட்னி பேஜெட் வரைந்த ஓவியங்கள் ஹோம்ஸுக்கு ஒரு முகத்தையும் தந்தன. இரண்டே ஆண்டுகளில், கற்பனை மாந்தர் ஒருவர் இலண்டன் மக்களுக்கு அண்டைவீட்டார் போல் ஆகிவிட்டார்.

படைத்தவருக்கோ அது நிறைவளிக்கவில்லை. வரலாற்றுப் புதினங்களே தம் பெயரை நிலைநிறுத்தும் என்று டாயில் நம்பினார். துப்பறியும் கதைகள் தம் காலத்தையும் கருத்தையும் விழுங்குவதாக எண்ணினார். ஹோம்ஸின் கதையை முடித்துவிடப் போவதாக அவர் தம் தாய்க்கு எழுதியபோது தாய் அதனைக் கடுமையாக மறுத்தார். அம்மறுப்பால் ஹோம்ஸின் ஆயுள் சிறிது நீண்டது, அவ்வளவே.

அருவிக்கரையில் ஒரு முடிவு

1893ஆம் ஆண்டு டிசம்பர் இதழில் 'இறுதிச் சிக்கல்' என்னும் கதை வெளிவந்தது. ஹோம்ஸின் நண்பரும் அவருடைய வழக்குகளைப் பதிவு செய்பவருமான மருத்துவர் வாட்சன், இக்கதையையும் கூறுகிறார். இலண்டன் குற்றவுலகின் பின்னணியில் மறைந்திருந்து அனைத்தையும் இயக்குபவர் பேராசிரியர் மோரியார்ட்டி. கணிதத்தில் வல்லவரான அவரைச் சிக்கவைக்க வலை விரித்த ஹோம்ஸ், அவருடைய பழிவாங்கலிலிருந்து தப்ப வாட்சனுடன் ஐரோப்பாவிற்குப் புறப்படுகிறார். இருவரும் சுவிட்சர்லாந்து நாட்டின் மைரிங்கன் என்னும் சிற்றூரை அடைகின்றனர்.

ஊருக்கு அருகிலுள்ள ரைகன்பாக் அருவியைக் காணச் சென்றபோது, விடுதியில் ஆங்கிலப் பெண்மணி ஒருவர் உயிருக்குப் போராடுவதாகக் கூறும் கடிதம் வாட்சனுக்கு வருகிறது. மருத்துவரான அவர் திரும்பி ஓடுகிறார். விடுதியில் அப்படி ஒருவரும் இல்லை. சூழ்ச்சியை உணர்ந்து அவர் அருவிக்கு மீளும்போது, பாறையில் சாய்த்து வைத்த ஹோம்ஸின் ஊன்றுகோல் மட்டுமே இருக்கிறது. ஈரமண்ணில் இரண்டு வரிசைக் காலடித் தடங்கள் பள்ளத்தின் விளிம்பு வரை செல்கின்றன. ஒரு தடமேனும் திரும்பி வரவில்லை. வாட்சன் தரையில் குப்புறப்படுத்துப் பள்ளத்தை எட்டிப்பார்த்துக் கூவுகிறார். அருவியின் இரைச்சலைத் தவிர மறுமொழி இல்லை. ஹோம்ஸ் விட்டுச்சென்ற கடிதம் ஒன்று கிடைக்கிறது. அவருடைய உடல் கிடைக்கவேயில்லை.

வாசகர் அடைந்த துயரம் பெரிது. பலர் இதழின் சந்தாவை நிறுத்திக்கொண்டனர். டாயிலைக் கண்டித்தும் வேண்டியும் கடிதங்கள் குவிந்தன. கற்பனை மாந்தரின் முடிவுக்காக உண்மையான மனிதர் உண்மையாகவே வருந்தினர். கதைமாந்தர் யாருக்குரியவர், படைத்தவருக்கா, வாசித்தவருக்கா என்னும் வினா அப்போது எழுந்தது. அவ்வினா இன்றும் தீராமல் இருக்கிறது.

தெரியுமா?
ஹோம்ஸ் மறைந்த செய்தியைப் படித்த இலண்டன் இளைஞர்கள் கறுப்புப் பட்டை அணிந்து துயரம் கொண்டாடினர் என்று பல நூல்களில் காணலாம். ஆயினும் அந்நாளைய ஏடுகளில் இதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்று ஆய்வாளர் கூறுவர். சுவையான செய்தி என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. சான்று கேட்பதே ஹோம்ஸின் வழி.

பத்தாண்டுக் காத்திருப்பு

1901 ஆகஸ்டு முதல் 1902 ஏப்பிரல் வரை 'பாஸ்கர்வில் வேட்டைநாய்' என்னும் புதினம் 'ஸ்ட்ராண்டு' இதழில் தொடராக வெளிவந்தது. வாசகர் ஹோம்ஸை மீண்டும் கண்டனர். ஆனால் அது அவர் மறைவதற்கு முன் நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்ட கதை. காலத்தைப் பின்னோக்கி நகர்த்தியதால் அருவிக்கரை முடிவை டாயில் மாற்றவேண்டியிருக்கவில்லை. ஹோம்ஸ் கதையில் வாழ்ந்தார். வாட்சனின் வாழ்வில் இன்னும் இறந்தவராகவே இருந்தார்.

பின்னர் அமெரிக்க இதழொன்று பெருந்தொகை தர முன்வந்தது. டாயில் இசைந்தார். 1903ஆம் ஆண்டு 'காலி வீடு' என்னும் கதை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வெளியானது. கதைக்குள் வாட்சன் நண்பரை இழந்து வாழ்ந்தது மூன்றாண்டு. கதைக்கு வெளியே வாசகர் காத்திருந்தது ஏறத்தாழப் பத்தாண்டு.

காலி வீடு

1894ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் இறுதியில் இலண்டனில் ரொனால்டு அடேர் என்னும் இளைஞர் தம் அறையில் சுடப்பட்டு இறந்துகிடக்கிறார். கதவு உட்புறம் தாழிடப்பட்டிருக்கிறது. சாளரம் திறந்திருக்கிறது, ஆனால் தரையிலிருந்து அதன் உயரம் இருபது அடி. கீழேயுள்ள மலர்ப்பாத்தி சிறிதும் மிதிபடவில்லை. சுடும் ஓசையை எவரும் கேட்கவில்லை. மேசைமேல் பணம் சிறுசிறு குவியல்களாக அடுக்கப்பட்டிருக்கிறது. அருகில் சீட்டாட்ட நண்பர்களின் பெயர்களும் தொகைகளும் எழுதிய தாள் ஒன்று.

நண்பரை இழந்த வாட்சன், அவருடைய முறைகளைத் தாமே பயன்படுத்தி இத்தகைய வழக்குகளை ஆராய முயன்று வருகிறார். பெரிதாக வெற்றி பெறவில்லை. கொலை நடந்த வீட்டைப் பார்க்கச் சென்ற இடத்தில், கூன் விழுந்த முதியவர் ஒருவர்மீது தவறுதலாக மோதி அவர் வைத்திருந்த புத்தகங்களைக் கீழே தள்ளிவிடுகிறார். முதியவர் சினந்து செல்கிறார். சிறிது நேரத்தில் அவரே வாட்சனின் வீட்டிற்கு வந்து தாம் ஒரு புத்தக வணிகர் என்கிறார். அலமாரியின் இரண்டாம் தட்டில் உள்ள இடைவெளியை நிரப்ப ஐந்து நூல்கள் போதும் என்று சுட்டுகிறார். வாட்சன் திரும்பி அலமாரியைப் பார்க்கிறார். மீண்டும் இப்புறம் திரும்பும்போது எதிரே நின்று புன்னகைப்பவர் ஷெர்லாக் ஹோம்ஸ். வாட்சன் தம் வாழ்வில் முதன்முறையாகவும் கடைசிமுறையாகவும் மயங்கி விழுகிறார்.

அன்றிரவே ஹோம்ஸ் அவரைத் தம் பேக்கர் தெரு வீட்டிற்கு எதிரேயுள்ள காலி வீட்டிற்கு அழைத்துச் செல்கிறார். அங்கிருந்து நோக்கினால் ஹோம்ஸின் அறைச் சாளரத்தில் ஹோம்ஸே அமர்ந்திருப்பது போல் நிழல் தெரிகிறது. அது மெழுகுச் சிலை. உண்மை உருவம் போல் தோன்ற, வீட்டுக்காரரான ஹட்சன் அம்மையார் கால்மணிக்கு ஒருமுறை அதன் நிலையை மாற்றுகிறார். சிலையை ஹோம்ஸ் என்று எண்ணிச் சுட வருபவர், ஹோம்ஸ் மறைந்திருக்கும் அதே காலி வீட்டிற்குள் நுழைந்து அகப்படுகிறார். அவர் மோரியார்ட்டியின் வலக்கையாக இருந்த கர்னல் மோரன். அவர் கையில் இருப்பது ஓசையெழுப்பாத காற்றுத் துப்பாக்கி. அடேரைக் கொன்றதும் அதுவே. சீட்டாட்டத்தில் மோரன் செய்த மோசடியை அடேர் கண்டுபிடித்ததே கொலைக்குக் காரணமாக இருக்கும் என்று ஹோம்ஸ் உய்த்துணர்கிறார்.

தெரியுமா?
கர்னல் மோரன் இந்தியாவில் பெங்களூரின் பெயர்கொண்ட படைப்பிரிவில் பணியாற்றியவர் என்றும் புலி வேட்டையில் பெயர்பெற்றவர் என்றும் டாயில் படைத்துள்ளார். ஆட்டுக்குட்டியை மரத்தடியில் கட்டி, மரத்தின்மேல் காத்திருந்து புலியை வீழ்த்தும் அவருடைய முறையையே ஹோம்ஸ் அவர்மீது பயன்படுத்துகிறார். காலி வீடு மரமாகவும் மெழுகுச் சிலை ஆட்டுக்குட்டியாகவும் அமைகின்றன.

பழைய கதையின் எச்சங்கள்

தொடர்ச்சிக் கதையை வாசிப்பவர் முதலில் ஆராய வேண்டுவது, அது முதற்கதையோடு எவ்வாறு பிணைக்கப்பட்டுள்ளது என்பதே. மாந்தரின் பெயர்கள் மட்டும் ஒன்றாக இருப்பது பிணைப்பாகாது. முதற்கதை விட்டுச்சென்ற எச்சங்களை அடுத்த கதை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறதா என்பதே உரைகல்.

'இறுதிச் சிக்கல்' கதையின் தொடக்கத்தில் ஹோம்ஸ் இரவில் வாட்சனின் வீட்டிற்கு வந்ததும் சாளரக் கதவுகளை அடைத்துத் தாழிடுகிறார். எதற்கு அஞ்சுகிறீர்கள் என்று வாட்சன் வினவும்போது, காற்றுத் துப்பாக்கிக்கு என்று மறுமொழி கூறுகிறார். அக்கதை முழுவதிலும் காற்றுத் துப்பாக்கி வரவேயில்லை. முதன்முறை வாசித்தவர் அச்சொல்லைக் கடந்து சென்றிருப்பார். பத்தாண்டு கழித்து, அடேர் வழக்கில் எவரும் சுடும் ஓசையைக் கேளாமைக்கு அதுவே விடையாகிறது. விதைத்த இடத்தை மறவாமல் அறுவடை செய்த உழவரைப்போல் டாயில் இங்குச் செயல்படுகிறார்.

உடல் கிடைக்காமையும் அத்தகைய எச்சமே. ஹோம்ஸ் வீழ்ந்ததை வாட்சன் கண்ணால் காணவில்லை. தடங்களைக் கொண்டு உய்த்துணர்ந்தார். சான்றிலிருந்து முடிவிற்குச் செல்லும் முறையை ஹோம்ஸிடம் கற்ற அவர், அம்முறையாலேயே தவறான முடிவை அடைந்தார். மோரியார்ட்டியின் பிடியிலிருந்து தாம் நழுவியதாகவும், எதிராளி மட்டுமே வீழ்ந்ததாகவும், திரும்பும் தடம் பதியாதிருக்கத் தாம் செங்குத்துப் பாறையில் ஏறியதாகவும் 'காலி வீடு' கதையில் ஹோம்ஸ் விளக்குகிறார். முதற்கதையின் ஒரு செய்தியும் பொய்யென்று ஆக்கப்படவில்லை. அதன் பொருள் மட்டும் மாற்றப்பட்டது. முன்னதைச் சிதைக்காமல் முன்னதன் பொருளை விரிப்பது நல்ல தொடர்ச்சியின் இலக்கணம் எனலாம்.

நெகிழ்ந்த முடிச்சுகள்

பற்றுடைய வாசகர் குறைகளைக் காணாமல் விடுவதுண்டு. ஆயினும் துப்பறியும் கதை, ஐயுற்று வாசிக்கக் கற்றுத்தரும் கதை. ஹோம்ஸின் கண்கொண்டு ஹோம்ஸின் கதையையே நோக்கினால் சில முடிச்சுகள் நெகிழ்ந்திருப்பது புலப்படும்.

முதலாவது, பெயர்க் குழப்பம். 'இறுதிச் சிக்கல்' கதையில் பேராசிரியரின் உடன்பிறந்தவருக்கு ஜேம்ஸ் மோரியார்ட்டி என்று பெயர். 'காலி வீடு' கதையிலோ பேராசிரியரே ஜேம்ஸ் மோரியார்ட்டி ஆகிவிடுகிறார். இது சிறுபிழை; கதையைப் பாதிப்பதில்லை.

இரண்டாவது பெரியது. ஹோம்ஸ் மூன்றாண்டு மறைந்து வாழ்ந்ததற்குக் கூறும் காரணம், தாம் இறந்ததாகப் பகைவர் நம்பினால் எச்சரிக்கையின்றி வெளிப்படுவர் என்பதே. ஆனால் அவர் பாறைமேல் கிடந்தபோது மேலிருந்து கற்களை உருட்டிக் கொல்ல முயன்றவர் மோரன் என்றும் அவரே கூறுகிறார். தாம் உயிரோடிருப்பதை அறிந்தவர்கள் பகைவர்களே என்றும் பின்னர் வாட்சனிடம் ஒப்புக்கொள்கிறார். அவ்வாறாயின், அம்மறைவு யாரை ஏமாற்றியது? பகைவரின் தலைவரை ஏமாற்றவில்லை. ஹோம்ஸின் அண்ணன் மைக்ராஃப்ட்டுக்கும் உண்மை தெரியும். முழுமையாக ஏமாந்தவர்களுள் ஒருவர், அவரை மிகுதியாக நேசித்த வாட்சன்.

இவ்விடத்தில் தொடர்ச்சிக் கதையின் உண்மையான சிக்கல் வெளிப்படுகிறது. அடேரைக் கொன்றவர் யார் என்பது அக்கதையின் புறச்சிக்கல். நேசித்தவரை ஏமாற்றிய நண்பரை மன்னிக்க இயலுமா என்பது அகச்சிக்கல்.

வாட்சன் என்னும் வாசகர்

ஹோம்ஸ் தம் செயலுக்கு விளக்கம் தருகிறார். வாட்சன் உண்மையாகவே நம்பியிராவிட்டால், நண்பரின் முடிவைப் பற்றி அத்துணை உறுதியாக எழுதியிருக்க மாட்டார் என்கிறார். கடிதம் எழுதப் பலமுறை எழுதுகோலை எடுத்ததாகவும், வாட்சனின் அன்பே அவரையறியாமல் உண்மையை வெளிப்படுத்திவிடும் என அஞ்சியதாகவும் கூறுகிறார். அருவிக்கரையில் வாட்சனும் உடன் வந்தோரும் தேடியபோது, தாம் மேலே பாறை விளிம்பில் படுத்து அதனைக் கண்டுகொண்டிருந்ததையும் மறைக்காமல் சொல்கிறார்.

இச்செய்தியை அறிந்த பின் 'இறுதிச் சிக்கல்' கதையை மீண்டும் வாசிப்பவருக்கு அது பழைய கதையாக இருப்பதில்லை. முன்பு வாட்சனின் தேடலைக் காண அருவியைத் தவிர அங்கு எவருமில்லை. இப்போது மேலே ஒருவர் பேசாமல் கிடக்கிறார். கதையின் சொற்கள் மாறவில்லை. வாசகரின் மனம் மாறியிருக்கிறது. தொடர்ச்சிக் கதை தான் தொடங்கிய இடத்திலிருந்து முன்னோக்கி மட்டும் செல்வதில்லை. பின்னோக்கியும் சென்று முதற்கதையைத் திருத்தி எழுதிவிடுகிறது.

வாட்சன் சினம் கொள்ளவில்லை. கண்ணெதிரே நிற்பவரின் கையைப் பற்றி, உயிருள்ளவர்தாம் என்று உறுதி செய்துகொள்கிறார். மூன்றாண்டுகளில் வாட்சனுக்கு நேர்ந்த குடும்பத் துயரத்தை ஹோம்ஸ் முன்பே அறிந்திருக்கிறார். துயரத்திற்கு வேலையே மருந்து என்று கூறி, அன்றிரவுப் பணிக்கு அவரை அழைக்கிறார். அடுத்த கதையில் வாட்சன் தம் மருத்துவமனையை விற்றுவிட்டு மீண்டும் பேக்கர் தெருவிற்கு வருகிறார். அதனை வாங்கிய இளம் மருத்துவர் ஹோம்ஸின் தூரத்து உறவினர் என்பதும், பணம் தந்தவர் ஹோம்ஸே என்பதும் பிற்பாடுதான் வாட்சனுக்குத் தெரியவருகிறது. வாய்விட்டுக் கேளாத மன்னிப்பை ஹோம்ஸ் செயலால் கேட்டார் என்று கொள்ள இடமுண்டு.

வாட்சன் வாசகரின் நிழல். வாசகரும் ஏமாற்றப்பட்டவரே. அவரும் பல ஆண்டுகள் துயருற்றார். ஹோம்ஸ் கூறும் விளக்கத்தில் ஓட்டைகள் இருப்பதையும் அறிவார். ஆயினும் மீண்டு வந்தவரைக் கண்ட மகிழ்ச்சியில் அவற்றைப் பொறுத்துக்கொள்கிறார். மீள்வருகையின் காரணம் வலுவற்றதாக இருந்தும் மீள்வருகை உண்மையெனத் தோன்றுவதற்கு வாட்சனின் மயக்கமே துணைநிற்கிறது. அறிவு ஐயுறும் இடத்தை உணர்ச்சியின் உண்மையால் டாயில் நிரப்பிவிடுகிறார்.

படகோட்டியின் தீர்ப்பு

மீள்வருகைக்குப் பின் டாயில் ஹோம்ஸ் கதைகளை 1927 வரை எழுதினார். அவற்றில் மிகச் சிறந்தவையும் உள்ளன, தளர்ந்தவையும் உள்ளன. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியைச் சேர்ந்த படகோட்டி ஒருவர் தம்மிடம் கூறிய கருத்தை டாயிலே தம் தன்வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார். பாறையிலிருந்து விழுந்தபோது ஹோம்ஸ் இறக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அதன்பின் அவர் பழைய ஹோம்ஸாக இல்லை என்பதே அக்கருத்து.

ஆயிரம் திறனாய்வுகளுக்கு ஈடான எளிய தீர்ப்பு இது. ஆயினும் இத்தீர்ப்பையும் ஆராய வேண்டும். மாறியவர் ஹோம்ஸ் மட்டும்தாமா? 1893இல் அருவிக்கரைக் கதையைப் படித்துக் கலங்கிய இளைஞர் 1903இல் பத்தாண்டு மூத்தவர். கதை திரும்பி வந்தது; அக்கதையைப் படித்த வயது திரும்பி வரவில்லை. தொடர்ச்சிக் கதை முன்போல் இல்லை என்று வாசகர் குறைகூறும்போது, அதில் ஒரு பகுதி எழுத்தாளரின் தளர்வாகவும், மற்றொரு பகுதி தம் முதல் வாசிப்பிற்காக வாசகர் கொள்ளும் ஏக்கமாகவும் இருக்கக்கூடும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே முதிர்ந்த வாசிப்பு.

எவ்வாறு வாசிப்பது?

தொடர்ச்சிக் கதையைக் கையில் எடுப்பவர் மூன்று வினாக்களை மனத்தில் கொள்ளலாம். முதற்கதையில் எஞ்சிய எவற்றை இக்கதை எடுத்து வளர்த்திருக்கிறது? மாந்தர்க்கிடையே உள்ள உறவில் எதனை மாற்றியிருக்கிறது? இக்கதையைப் படித்தபின் முதற்கதைக்குத் திரும்பினால் அங்குப் புதிதாக ஏதேனும் தென்படுகிறதா? மூன்றுக்கும் விடை கிடைக்குமாயின் அது தன் காலிலேயே நிற்கும் கதை. பழைய பெயர்களும் பழைய உத்திகளும் மட்டுமே கிடைக்குமாயின், அது சாளரத்தில் அமர்த்தப்பட்ட மெழுகுச் சிலையே. தொலைவிலிருந்து நோக்கினால் உயிருள்ளது போல் தோன்றும். யாரேனும் அடிக்கடி அதனை நகர்த்திவைக்க வேண்டியிருக்கும்.

'காலி வீடு' குறையற்ற கதையன்று. இருப்பினும் பத்தாண்டு வாசிக்கப்படாமல் கிடந்த ஒரு சொல்லுக்குப் பொருள் தந்தது. ஒரு நட்பை ஆராய்ந்தது. முடிந்துபோன ஒரு கதையை மீண்டும் வாசிக்கச் செய்தது. முதல் வாசிப்பின் வியப்பை அது திருப்பித் தரவில்லை. எந்தக் கதையாலும் தர இயலாது. அலமாரியில் இருந்த இடைவெளியை வாட்சன் திரும்பிப் பார்த்த அந்த ஒரு கணத்தில்தான் அவருடைய நண்பர் மீண்டு வந்தார். தொடர்ச்சியை வாசிப்பவரும் அவ்வாறே பழைய நூலின் இடைவெளிகளைத் திரும்பிப் பார்க்கக் கற்றுக்கொள்கிறார்.

நூல்வெளி

ஆர்தர் கோனன் டாயில் 1859ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். மருத்துவராகப் பணியாற்றியவாறே எழுதத் தொடங்கி, பின்னர் முழுநேர எழுத்தாளரானார். ஷெர்லாக் ஹோம்ஸை முதன்மை மாந்தராகக் கொண்டு நான்கு புதினங்களையும் ஐம்பத்தாறு சிறுகதைகளையும் எழுதினார். 'இறுதிச் சிக்கல்' 1893இலும் 'காலி வீடு' 1903இலும் வெளிவந்தன. வரலாற்றுப் புதினங்களும் அறிவியல் புனைவும் படைத்துள்ளார். 1930ஆம் ஆண்டு மறைந்தார்.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் விரும்பிப் படித்த கதையொன்றில் விடை கூறப்படாமல் எஞ்சிய செய்திகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் ஒன்றை அடிப்படையாகக் கொண்டு தொடர்ச்சிக் கதை ஒன்றை ஒரு பக்க அளவில் எழுதுக.
2. கதைமாந்தர் படைத்தவருக்கு உரியவரா, வாசிப்பவருக்கு உரியவரா என்னும் பொருளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
3. ஹோம்ஸ் மீண்டு வந்த அன்றிரவு வாட்சன் எழுதுவதாகக் கருதி ஒரு நாட்குறிப்பு எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக
1. 'இறுதிச் சிக்கல்' கதையில் பெயரளவில் மட்டும் குறிப்பிடப்பட்டு, 'காலி வீடு' கதையில் பயன்படுத்தப்பட்டது எது?
அ) மெழுகுச் சிலை ஆ) காற்றுத் துப்பாக்கி இ) ஊன்றுகோல் ஈ) புத்தக அலமாரி

குறுவினா
1. ஹோம்ஸ் என்னும் மாந்தரைப் படைக்க டாயிலுக்குத் தூண்டுதலாக அமைந்தவர் யார்? அவருடைய ஆற்றல் யாது?
2. 'பாஸ்கர்வில் வேட்டைநாய்' தொடர்ச்சிக் கதை ஆகாமைக்குக் காரணம் யாது?

சிறுவினா
1. ஹோம்ஸ் மறைந்து வாழ்ந்ததற்குக் கூறும் காரணத்தில் உள்ள முரணை விளக்குக.
2. படகோட்டியின் தீர்ப்பை இருவகையில் எவ்வாறு பொருள் கொள்ளலாம்?

நெடுவினா
1. 'வாட்சன் வாசகரின் நிழல்' என்னும் கூற்றை இரு கதைகளின் நிகழ்வுகளைக் கொண்டு நிறுவுக.